முதல் பக்கத்தில் நீ எழுதிய வரி

அன்புள்ள புவனாவுக்கு,

உன் கடிதமும், அதற்குள் தனியாக மடித்து வைத்திருந்த ஒற்றைத் தாளும் போன செவ்வாய்க்கிழமை தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு வந்து சேர்ந்தன. வேலை முடிந்து வரும் வழியில் வாங்கி வந்தேன். அம்மா கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து, கூடையை இறக்கி வைப்பதற்கு முன்பே “படிங்க” என்றாள். மூன்று தடவை படிக்க வைத்தாள். பிறகு தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி அவளைக் கூப்பிட்டு, “ஒங்க மக டொக்டராகப் போகுதாமே, என் முழங்கால் வலிக்கு ஏதாச்சும் மருந்து எழுதச் சொல்லுங்க” என்று கேட்டாராம். “அது ஊசி போடுற டொக்டரு இல்லீங்க, வெயில்ல கரண்டு எடுக்குற டொக்டரு” என்று அம்மா சொன்னாளாம். உன் படிப்பை இதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த ஒற்றைத் தாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அச்சாகப் போகும் வரி என்று எழுதியிருந்தாய்: “பிழையை ஒருநாளும் மறைக்கத் தெரியாத என் அப்பாவுக்கு.” தமிழில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாய். எழுத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுவதும் படித்துவிடு. நீளமான கடிதம்தான். தொலைபேசியில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது நாம் லயத்து வரிசை வீட்டை விட்டு, பெக்டரிக்குப் பக்கத்திலிருந்த குவாட்டசுக்கு வந்தோம். லயத்துக்கு அப்போது கரண்ட் இல்லை. நோட்டன் பிரிட்ஜில் மலைத் தண்ணீரைக் கொண்டு எடுக்கிற மின்சாரம் நம் தலைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழே நீ குப்பி விளக்கில் படித்து, மூக்குத் துவாரமெல்லாம் கரியாக எழுந்திருப்பாய். குவாட்டசுக்கு வந்த முதல் வாரம் நீ பல்பைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாய். பெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அந்தப் பல்பு ஒரு கணம் மங்கிப் பிறகு தெளியும். “ஏன்ப்பா மங்குது?” என்று கேட்டாய். நான் மீட்டரைக் கொண்டுவந்து பிளக்கில் வைத்து, ரோலர் கிளம்பும்போது முள் எப்படி விழுகிறது என்று காட்டினேன். பெரிய மோட்டர் ஒன்று எழுந்து நிற்பதற்கு நிறைய இழுக்கும், அப்போது வோல்டேஜ் கொஞ்சம் குறையும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நீ ஒரு கொப்பியில் நேரத்தையும் வோல்டையும் எழுதிவைத்தாய். ஒரு மாதம் எழுதினாய். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். மாதக் கடைசியில் வந்து, “அப்பா, மூணாம் நம்பர் ரோலர் மட்டும் கூட இழுக்குது” என்றாய். பிரித்துப் பார்த்தால் அதன் பெயரிங் தேய்ந்திருந்தது.  அன்றைக்குத் தேநீர் குடிக்கிற நேரத்தில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நான் நிறுத்தப் பார்த்தேன் என்பதையும் இங்கே எழுத வேண்டும். நீ உயர்தரப் பரீட்சை எழுதி நல்ல பெறுபேறு வந்த சமயத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் எடுத்தார்கள். அரசாங்க வேலை, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நானே படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடச் சொல்லி உன் முன்னால் வைத்தேன். நீ போடவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஹட்டனுக்குப் போய் உன் இரசாயன டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாய். யாழ்ப்பாணத்து அம்மா. நம் மேட்டு வழியில் மூச்சிரைக்க ஏறி வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், “பிள்ளைக்கு இரசாயனம் கைக்கு வந்திட்டுது. ஒரு வேலைக்காண்டி மறிச்சுப் போடாதேங்கோ. அவள் கம்பஸுக்குப் போகட்டும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது, புவனா. என் வீட்டில் எனக்கே புத்தி சொல்கிறார்களே என்று. ஆனால் உன் முகத்தைப் பார்த்தபோது, கையெழுத்து வாங்கினால் அந்தப் படிவத்தோடு நீயும் எங்கேயோ போய்விடுவாய் என்று தோன்றியது. படிவத்தை மடித்து வைத்தேன். நல்லது செய்தேன் என்று பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. செய்ய இருந்த கெட்டதைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். உனக்கும் ஒருநாள் பிள்ளை இருக்கும். அது உன் பேச்சைக் கேட்காமல் எழுந்து போகும்போது, யாரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது என்று பார்க்கிற வரைக்குமாவது கோபத்தைத் தள்ளிவை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு வேகமாக ஓடியதுபோல் இருக்கிறது. கம்பஸில் நாலு வருடம், அங்கேயே விரிவுரையாளர்களுக்கு உதவியாக ஒரு வருடம், பிறகு ஆய்வு செய்ய வரச் சொல்லி நெதர்லாந்திலிருந்து கடிதம். யுத்த காலம்; விமான நிலையத்துக்குப் போகிற வழியில் நாலு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் நீ சிங்களத்தில் நிதானமாகப் பதில் சொன்னாய். நானும் அம்மாவும் பின்னால் நின்றோம். ஒரு சிப்பாய் உன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, அங்கே போய் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டான். சூரிய வெளிச்சம் என்றாய். அவன் சிரித்துவிட்டு, அது இங்கேயே நிறைய இருக்கிறதே என்றான். நீயும் சிரித்தாய். அந்த இடத்தில் உன்னால் சிரிக்க முடிந்ததை அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாம் வருடம் நீ ஒரு மாதம் வீட்டுக்கு வந்தாயே, அந்த மழை நாட்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. அடுப்படியில் உட்கார்ந்து, உன் வேலை என்ன என்று கடைசியாக எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். கண்ணாடித் தகடு மாதிரியான பழைய சூரியப் பலகை இல்லை, மை மாதிரி பூசக்கூடிய கரிச் சேர்மங்களால் ஆனது என்றாய். “வெயில் பட்டதும் ஒரு பொருளுக்குள்ள இலத்திரன் கெளம்பி மேல ஏறுதுப்பா. அத இன்னொரு பொருள் வாங்கிக்கணும். அப்படி வாங்கிக்கிறதுக்குத்தான் ஏற்பின்னு பேரு. கைமாறுற எடத்துல அது ஒரு படி கீழ விழுது. ரெண்டு வோல்ட்டுக்குப் பக்கத்துல ஏறினது, வெளிய வர்றப்ப அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு.”

நான் எனக்குத் தெரிந்த வழியில், “தடிச்ச வயரா போட்டுப் பாக்கலாமே” என்றேன்.

“வயர்ல போகலப்பா. வயருக்கு வர்றதுக்கு முன்னாலயே போயிருது.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டேன். “அப்ப வாங்குற ஆளக் கொஞ்சம் ஒசரத்துல நிறுத்தினா என்ன? விழுற படி கொறையுமில்ல?”

நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா, இங்க வாங்க! நான் ரெண்டு வருசமா மண்டைய ஒடைக்கிற வேலைய அப்பா உக்காந்த எடத்துல சொல்லிட்டாரு” என்று கத்தினாய். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். என் அறுபது வயதுக்குள் யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னாய். உங்கள் ஏற்பி அறுபது கரி அணுக்கள் சேர்ந்த ஒரு பந்து. அதன் உடம்பில் சின்னச் சின்ன அணுக்கூட்டங்களை ஒட்டவைத்தால் அதன் மட்டம் உயரும், வோல்டேஜ் இழப்பு குறையும். ஆனால் ஒரேயடியாக உயர்த்திவிட்டால் இலத்திரன் அதற்குத் தாவாமல் பழைய இடத்திலேயே நின்றுவிடும். ஒட்டவைத்ததும் பெரிதாக இருந்தால், சந்தையில் எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு நிற்கிறமாதிரி, ஒரு பந்து இன்னொரு பந்தைத் தொடாது; கரண்ட் நடக்க வழியிருக்காது. வோல்டேஜைப் பிடித்தால் கரண்ட் நழுவுகிறது, கரண்டைப் பிடித்தால் வோல்டேஜ் நழுவுகிறது என்றாய். இரண்டும் நழுவாத ஒரு பந்தைச் செய்துவிட்டதாக நம்புகிறேன் என்றும் சொன்னாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ திரும்பிப் போய் ஆறு மாதத்தில், அதைப் பற்றிய கட்டுரையை ஒரு பெரிய சஞ்சிகை ஏற்றுக்கொண்டதாக எழுதினாய். அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள்.

அதன் பிறகு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. “அப்பா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்” என்றாய். நீ அழவில்லை, குரல் மட்டும் தட்டையாக இருந்தது. நீ அளந்த கலம் சுண்டுவிரல் நகத்தளவு. அதற்கு வெளியே கண்ணாடியில் விழுந்த வெளிச்சமும் பக்கவாட்டில் உள்ளே போய், கரண்டைக் கூட்டிக் காட்டியிருக்கிறது. துளை போட்ட கறுப்புத் தகடு ஒன்றை மேலே வைத்து அளந்திருக்க வேண்டும். “வோல்டேஜ் கூடினது நெசம்ப்பா. கரண்ட் கொறையலன்னு எழுதினது பொய். தகடு வச்சு அளந்தா கொறஞ்சிருக்கு. கட்டுரை அடுத்த மாசம் அச்சுல வந்துரும். இது யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கும். பிறகு நீயே, “சரிப்பா, எனக்குப் புரியுது. நாளைக்கே புரொபசர்கிட்ட சொல்லிர்றேன்” என்று வைத்துவிட்டாய். இப்போது உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாய்: “அன்றைக்கு நீங்கள் பேசாமல் இருந்ததுதான் எனக்குக் கிடைத்த பதில். எது சரி என்று எனக்குத் தெரியும் என்று நம்பி விட்டீர்கள்.”

புவனா, அந்த ஒரு நிமிடத்தில் என் நாக்கு நுனியில் நின்ற வார்த்தையை உனக்குச் சொல்கிறேன். “யாருக்கும் தெரியாதில்ல, விட்டுரு” என்பதுதான் அது. சொல்லத்தான் வாயெடுத்தேன். வெட்கத்தால் சொல்ல முடியவில்லை. நீ அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டாய். வெட்கம் எதனால் என்றால், அதே வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதினெட்டு வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

ராமையாண்ணனை உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கலாம். நாம் லயத்தில் இருந்தபோது பெக்டரியில் அவர்தான் மூத்த எலக்ட்ரீஷியன். நான் அவருக்கு உதவி. திருகாணிச் சாவி பிடிக்கவே அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். மாசி மாதம், கொழுந்து கூடத் தொடங்கிய நேரம், ஒரு ரோலர் மோட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றினோம். வயர்களை ராமையாண்ணன் தன் கையாலேயே முறுக்கி, பெட்டியை மூடி, புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஓட்டிப் பாத்துட்டுப் பூட்டிட்டு வா தம்பி” என்று கிளம்பினார். ஓட்டிப் பார்த்தேன். மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றியது. அது பெரிய காரியமில்லை. மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றினால் சரியாகிவிடும். அன்று சாயங்காலம் தோட்டத்தில் காமன் கூத்து. எனக்கு வேஷம் இருந்தது. கீழே தப்பு மேளச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. பெட்டியைத் திறந்து இரண்டு வயரையும் மாற்றினேன். ஒன்றைத் திருகாணிச் சாவி போட்டு இறுக்கினேன். மற்றதைக் கையால் திருகிவிட்டு, மூடிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலையில் அந்த வயர் கழன்று, மோட்டர் எரிந்துபோனது. மலையாய்க் குவிந்த கொழுந்து அரைக்க வழியில்லாமல் கிடந்து சிவந்து வீணாகியது. பெக்டரிப் பொறுப்பிலிருந்த டீமேக்கர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, “முறுக்குனது யாரு? யாரு?” என்று கத்தினார். “நான்தாங்க ஐயா” என்றார் ராமையாண்ணன். டீமேக்கர் என்னைப் பார்த்து, “நீ ஓட்டிப் பாத்தியா?” என்று கேட்டார். “பாத்தேங்க, நல்லா ஓடுச்சு” என்றேன். ஓட்டிப் பார்த்தது மட்டும் உண்மை. பெட்டியைத் திரும்பத் திறந்தாயா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ராமையாண்ணனை பெக்டரியை விட்டு எடுத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்ட அனுப்பினார்கள். அவர் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். குவாட்டசும் கொடுத்தார்கள். நீ பார்த்துக்கொண்டே சாப்பிட்டாயே, அந்தப் பல்பு நமக்கு வந்தது அப்படித்தான்.

இதனால் உன் படிப்பு களங்கப்பட்டது என்று நினைக்காதே. அப்படி நினைத்து நீ வருந்தினால் அதுவும் என் கணக்கில்தான் சேரும். நீ எந்த விளக்கிலும் படித்திருப்பாய். ஆனால் அந்த முதல் பக்கத்து வரி நிற்கக் கூடாது. அதில் உன் அம்மாவின் பெயரைப் போடு. முப்பது வருடம் மழையில் நனைந்து கொழுந்து எடுத்தவள், தன் கூடையில் ஒருநாளும் முற்றல் இலையை மறைத்து வைக்காதவள். அவளுக்கு அது பொருந்தும். இன்னொன்றும் சொல்கிறேன்: பேசாமல் இருப்பவர்களையெல்லாம் நல்லவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதே. என்ன நினைக்கிறாய் என்று வாய் திறந்து கேட்டு வாங்கிவிடு.

நீ மறுநாள் என்ன செய்தாய் என்பதை நான் பிறகுதான் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். உன் புரொபசர் அறைக்குப் போய், இரண்டு அளவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாய். அவர் கத்தவில்லை, உன்னை உட்காரச் சொல்லிவிட்டு, “எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்றுதான் முதலில் கேட்டார் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே சஞ்சிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். உனக்கு ஒரு வருடத்துக்கு மேல் போனது. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிப் போனார்கள். நீ திரும்ப முதலிலிருந்து தொடங்கினாய். ஒட்டவைக்கிற கூட்டத்தைச் சின்னதாக்கி, மட்டத்தைக் கொஞ்சமாக மட்டும் உயர்த்தி, பந்துகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இன்னொரு ஏற்பியைச் செய்தாய். வோல்டேஜ் முதலில் ஏறிய அளவுக்கு இதில் ஏறவில்லை. ஆனால் ஏறியது நின்றது, கரண்டும் நின்றது. தகடு வைத்து அளந்தாய். போதாதென்று வேறொரு நாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, உன் எண்ணைச் சொல்லாமல் அளக்கச் சொன்னாய். அவர்களுக்கும் அதே அளவு வந்தது. நாளைக்கு உனக்குக் கீழேயும் பிள்ளைகள் வேலை செய்வார்கள். ஒருத்தி நடுங்கிக்கொண்டு வந்து தப்புப் பண்ணிவிட்டேன் என்று நிற்பாள். உன் புரொபசர் மாதிரி முதலில் அவளை உட்காரச் சொல். எங்கள் டீமேக்கர் “யாரு, யாரு” என்று கத்தாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

உன் தாளைப் படித்த அன்றைக்கே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். “அந்த அண்ணன் பொஞ்சாதிதானே புவனாவுக்கு அம்மை போட்டப்ப பத்து நாளு ராத்திரி பகலா வந்து உக்காந்திருந்துச்சு” என்றாள். பிறகு, “மொதல்ல அவரப் போய்ப் பாருங்க. அப்பறம் இவளுக்கு எழுதுங்க. நீங்க எழுதலன்னா நான் சொல்லிருவேன்” என்றாள்.

சனிக்கிழமை ஹட்டனில் பஸ் ஏறி, தலவாக்கலையில் மாறி, பூண்டுலோயா போனேன். ராமையாண்ணன் இப்போது அங்கே மகள் செல்வி வீட்டில் இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து வலது கை விரல்கள் நேராக நிமிர்வதில்லை. என்னைக் கண்டதும், “வா தம்பி, வா” என்று வாசலிலேயே பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார். செல்வி சுவிட்சைப் போடப் போனாள். “அதத் தொடாத, நெருப்புப் பறக்குது” என்று அவர் தடுத்தார். ஒரு மாதமாக அப்படித்தான் இருக்கிறதாம். டவுனிலிருந்து ஆள் வர வேண்டுமாம். “ஏன்ணே, நீங்களே பாத்திருக்கலாமே” என்று என் வாயில் வந்துவிட்டது.

“நானா?” என்று சிரித்தார். “அன்னைக்கு அந்த மோட்டர எரிச்சதுல இருந்து நான் வயர்ல கை வைக்கிறதில்ல தம்பி. நல்லா முறுக்குனேன்னுதான் நெனப்பு. ஆனா கழண்டுச்சே. என் கைய நானே நம்பாமப் போயிட்டேன்.”

அவருக்குத் தெரிந்திருக்கும், மனதுக்குள் என்னைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர் திட்டிக்கொண்டிருந்தது தன்னை. பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல முடியாமல் எழுந்து நின்று சொன்னேன். எதிர்ப்பக்கம் சுற்றியது, பெட்டியைத் திறந்தது, கையால் திருகிவிட்டு ஓடியது, எல்லாவற்றையும். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். செல்வி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிப்போகும் வரை நான் தனியாக நின்றேன். திரும்பி வந்தவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“இதச் சொல்ல ஒனக்கு இத்தன வருசமா?” என்றார். பிறகு, “செல்வி, இங்க வா. இப்ப இவ முன்னால திரும்பச் சொல்லு” என்றார். சொன்னேன். முதல் தடவையைவிட அது கஷ்டமாக இருந்தது. செல்வி தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் என்னைப் பார்க்காமல், “எங்க அம்மா இதக் கேக்காமலே போயிட்டாங்களே” என்றாள்.  

மன்னித்தேன் என்று ராமையாண்ணன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு, “இப்ப என்ன வந்து சொல்ல வச்சுச்சு?” என்றார். உன்னைப் பற்றிச் சொன்னேன். இலத்திரன் கைமாறுகிற இடத்தில் வோல்டேஜ் எப்படிப் போகிறது, வாங்கிக்கொள்கிற பொருளை எவ்வளவு உயர்த்தலாம், எதற்கு மேல் உயர்த்தக் கூடாது என்றெல்லாம் நீ அடுப்படியில் சொன்ன மாதிரியே சொன்னேன். எலக்ட்ரீஷியன் அல்லவா, முன்னால் சாய்ந்து கேட்டார். அச்சுக்குப் போன கட்டுரையை நீயே திரும்ப வாங்கினதைச் சொன்னேன். “யாருமே கேக்காமலா?” என்றார். “யாருமே கேக்காமத்தான்.” “அப்பறம்?” “அப்பறம் திரும்பச் செஞ்சா. இந்த வாட்டி சரியா வந்திருச்சு.” அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டு வாசலில், எனக்குப் பெருமைப்பட எந்த உரிமையும் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, புவனா. பதினெட்டு வருடத்தில் என்னால் முடியாததை நீ ஒரே இரவு தாண்டி மறுநாள் காலையில் செய்து முடித்திருக்கிறாய். எனக்குப் பிறந்தவள் நீ. ஆனால் உன்னிடம்தான் நான் இதைக் கற்றுக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் விடைபெறக் குடையை எடுத்தபோது அவர் செல்வியிடம் திருகாணிச் சாவி கேட்டார். அவள் பயந்துபோய், “வேணாம்ப்பா” என்றாள். “மெயின ஓஃப் பண்ணு” என்றார். நான் உதவிக்குப் போனேன். கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டார். நிமிராத விரல்களால் சாவியைப் பிடிக்க இரண்டு தடவை தவறியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டார். சுவிட்சைக் கழற்றி, கருகிய நுனியை வெட்டி, வயரைச் சீவி உள்ளே விட்டு, ஒவ்வொரு திருகாணியையும் முறுக்கிவிட்டு இழுத்துப் பார்த்தார். மெயினைப் போடச் சொன்னார். சுவிட்சைத் தட்டினார். விளக்கு எரிந்தது, பொறி ஒன்றும் பறக்கவில்லை. செல்வி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் சாவியை வேட்டியில் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“ஒம் மகளுக்கு எழுதுறப்ப இதையும் எழுது. ராமையா முறுக்குனா கழலாது.”

உன் அப்பா